பத்துத் தோட்டா போதாதாம்

மாத்தளையிலிருந்து பல்லேபொல போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவள் போனில் செய்தி பார்த்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, அமெரிக்காவுல சில இடத்துல துப்பாக்கியில ஒரு தடவைக்குப் பத்து தோட்டாவுக்கு மேல போடக்கூடாதுன்னு சட்டமாம். பத்து போதாதுன்னு கோர்ட்டுக்குப் போயிருக்காங்க.”

மூத்தவள் சிரித்தாள். “பத்தா? எங்க வீட்டுக்காரரு ஒரே தோட்டாவ வச்சுக்கிட்டு ரெண்டு வருசம் பன்னி வெரட்டுனாரு.”

“எப்படிக்கா?”

“சுட்டா தீந்துருமே. அதனால துப்பாக்கிய நீட்டிக்கிட்டு வாயாலயே ‘டமார்’னு கத்துவாரு. பன்னி மரவள்ளிய விட்டுட்டு ஓடிரும். நான் உள்ள படுத்துக்கிட்டே சிரிப்பேன். ‘சிரிக்காத, பன்னிக்கு வெளங்கிரும்’பாரு.”

பலாபத்வலையில் பஸ் நின்று புறப்பட்டது.

“இப்ப துப்பாக்கி எங்கக்கா?”

“அவரு தவறுனதும் பொலிஸ்ல குடுத்தாச்சு. அந்தத் தோட்டாவையுந்தான்.”

“பன்னி வந்தா என்ன செய்வீங்க?”

“நானும் அவரு மாதிரியே கத்திப் பாக்குறேன். பன்னி ஓடாம, தலையத் தூக்கி, பின்னால வேற யாராச்சும் வர்றாங்களான்னு பாக்குது. நானும் திரும்பிப் பாக்குறேன்.”