கிசோக் அண்ணாவின் கையெழுத்தும் என் பச்சைத்தோல் கவசமும்

தலைமை நாற்காலியை நிறைத்து, அதன் கைகள் இரண்டையும் மறைத்து வீற்றிருக்கும் முகம்மது தம்பி ஹாஜியார் அவர்களே! எங்கள் கடற்கரைப் போர் விளையாட்டுக் கழகத்தின் காவலர்களே! பிள்ளைகள் வாள் வீசப் போகிறார்கள் என்றதும் வாய்நிறைய ஏசிவிட்டு, வடையும் சுட்டுக் கட்டி அனுப்பும் தாய்மார்களே! முன்வரிசையில் என்னை முறைத்தபடி இருக்கும் சுபைறா மாமி அவர்களே! அனைவருக்கும் பஸாலின் ஸலாம், பஸாலின் வணக்கம்.

இன்று எனக்கொரு பதவி தருகிறீர்கள். கவசப் பரிசோதகர்! கல்முனையில் வேறு ஆளே கிடைக்கவில்லையா? சென்ற வருடம்வரை அந்தப் பதவியில் இருந்தவர் பெரியநீலாவணைக் கிசோக் அண்ணா. விதி மீறிய கவசத்துக்குக் கையெழுத்திட்டார், ஒரு பிள்ளையின் உயிரோடு விளையாடினார் என்று அவரை நீக்கினீர்கள். அந்தக் கவசத்தைச் செய்த கை இது. எனக்கோ சிறுவன் என்று மன்னிப்பு! ஆகவே, பதவியை ஏற்குமுன் அந்த நாளைப் பற்றி நான் கதைக்க வேண்டும்.

எங்கள் வாள் ஸ்பொன்ச் சுற்றிய வாள்தான். ஆனால் கவசம் மெய்யான கவசம். அதற்கு மூன்றே விதி. தோல் பதனிட்டதாக இருக்க வேண்டும். கம்பி வளையத்தின் முனை விரலைக் கீறக் கூடாது. உடுத்தவனிடமிருந்து இன்னொருவர் கருவியில்லாமல், முப்பது எண்ணுவதற்குள் கழற்றி எடுக்க முடிய வேண்டும். அதற்கு விலாவில் வார்ப்பட்டி வேண்டும். மூன்று விதி! அதில் ஒன்றை மதித்தேன், இரண்டை மிதித்தேன்.

வேலிக்கம்பியை இரும்புக் கோலில் சுற்றினேன், குறட்டால் நறுக்கினேன், ஒரு வளையத்துக்குள் நான்கு வளையம் கோர்த்தேன். முனைகளை அராவி மழுக்கினேன். அதுவரை சரி. ஆனால் தோல்? பதனிட்ட தோலுக்குப் பொறுமை வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் பெருமை! றபான் மேளத்துக்குக் கட்டுவார்களே, அந்த மாதிரிப் பதனிடாத பச்சைத்தோல் எடுத்தேன். வார்ப்பட்டி அழகில்லை என்று விலாவைத் தோல்வாரால் தைத்தேன். வளையச் சட்டையையும் அதன்மேலேயே தைத்தேன்.

கொடியில் காயப் போட்டேன். காலையில் கைகளைத் தொங்கவிட்டிருந்த சட்டை, பின்னேரம் கைகளை நெஞ்சின்மேல் கட்டிக்கொண்டு தொங்கியது. தோள்கள் உயர்ந்திருந்தன. உள்ளே ஆள் இல்லை. ஆனால் யாருக்கோ காத்திருந்தது. நான் என்ன செய்தேன்? அதன் கழுத்தில் ஒரு தொப்பியை வைத்து, தங்கச்சியைக் கூப்பிட்டுப் பயம் காட்டினேன். பயப்பட வேண்டியவன் நான்.

போட்டி அன்று என் நண்பன் றிபாஸ் அதை உடுத்தினான். ஓம், சுபைறா மாமியின் மகன்தான். விறைத்துக் கிடந்த தோலைக் கடல்நீரில் ஊறவைத்து, ஈரத்தோடே அவனை உள்ளே ஏற்றி, கடைசித் தையலையும் போட்டவன் நான்.

ளுஹர் தொழுகை முடிந்த நண்பகல் வெயில். மணலில் ஆட்டம் நடக்கிறது. எங்கிருந்தோ றபான் சத்தம். தும்... தும்... தும்...

“யார்டா றபான் அடிக்கிற?” என்று கேட்டேன். எவன் கையிலும் றபான் இல்லை. சத்தம் றிபாஸிடமிருந்து வந்தது. தோல் காய்ந்து, இறுகி, அவன் நெஞ்சின்மேல் விறைத்து நின்றது. நாங்கள் கேட்டது அவன் இதயத்தை!

“பஸால்... மூச்செடுக்க ஏலாமக் கெடக்குடா...”

“நடிக்காத மச்சான்!” என்றேன். சிரித்தேன். சபையோரே, நான் சிரித்தேன்.

தும்... தும்... பிறகு ஓர் இடைவெளி. தும்.

கிசோக் அண்ணா ஓடி வந்தார். விலாவைத் தடவினார். வார்ப்பட்டி இல்லை. கத்தியை எடுத்தார்.

“கத்தி இறங்குதில்லடா! என்னடா செஞ்சு வச்சிருக்காய்?”

வளையம் கத்தியைத் தடுத்தது. தடுக்கத்தானே அதைச் செய்தேன்? அண்ணாவின் கைதான் வெட்டுப்பட்டது.

றபான் கட்டுகிறவரின் மகள் சிபானா, கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு கத்தினாள்: “கடல்ல போடுங்கடா அவன! நனைஞ்சாத் தொய்யும்!”

மூச்சில்லாதவனை, மேலே இரும்போடு, அலைக்குள் இறக்கினோம். தும் என்றது. இன்னொரு தும். அதோடு சத்தம் நின்றது.

தோல் தொய்ந்ததா? நெஞ்சு ஓய்ந்ததா? யாருக்குத் தெரியும்? நாங்கள் அத்தனை பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கலிமாவும் வாயில் வரவில்லை, பகிடியும் வரவில்லை. கத்திக்கு மசியாத தையல், ஊறியதும் கிசோக் அண்ணாவின் இரத்த விரல்களுக்கு மசிந்தது. சட்டையை அலை இழுத்துப் போயிற்று. அவர் மட்டும் றிபாஸின் நெஞ்சில் காதை வைத்தபடி, எங்களைக் கதைக்க வேண்டாம் என்று கை காட்டினார்.

பிறகு றிபாஸ் இருமினான். கண் திறந்து, “உப்புக் கூடிப்போச்சு” என்றான்.

அன்று மாலை, “இதைச் சரியென்று விட்டது யார்?” என்று கேட்டீர்கள். கவசத்தில் தொங்கிய பரிசோதனைச் சீட்டு, ஆட்டத்துக்குமுன் அவிழ்த்து வைத்தது, என் பையில் இருந்தது. அதை வாங்கிப் பார்த்து, “கையெழுத்து என்டதான்” என்றார் கிசோக் அண்ணா. வேறொரு வார்த்தை சொன்னாரா? இல்லை.

அந்தக் கையெழுத்து அவருடையது. அந்தக் கவசம் அவர் பார்த்தது அல்ல! பதனிட்ட தோலில், வார்ப்பட்டியோடு இருந்த என் பழைய கவசத்தைத்தான் அவரிடம் காட்டினேன். ஒழுங்காகச் சோதித்தார், ஒழுங்காகச் சீட்டுக் கட்டினார். அதை அவிழ்த்துப் புதியதில் கட்டியவன் நான். ஏன்? எதையும் தவறவிடாத மனிதரை ஒருமுறை ஏமாற்றிப் பார்க்கும் ஆசை. அவ்வளவுதான். ஒரு வருடம் என் பொய்யைத் தெரிந்தே அவர் சுமந்தார். நான் மேடையேறிக் கைதட்டு வாங்கினேன்.

ஹாஜியார், கதிரையில இருக்கச் சொல்லாதீங்க, இன்னும் முடியல்ல. சுபைறா மாமி, எழும்புறது தெரியுது. செருப்பக் கையில எடுத்தாலும் ஓடமாட்டன், கொஞ்சம் பொறுங்க.

எனக்குப் பதவி வேண்டாம். கிசோக் அண்ணாவின் பெயரிலிருந்து அந்தக் கறையை எடுங்கள். என் பெயரில் எழுதுங்கள். இந்த வருடம் வாளைத் தொட எனக்குத் தகுதி உண்டா என்று அவரே தீர்மானிக்கட்டும். இல்லை என்றால், இல்லைதான்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. இனி ஏசப்போகும் வாய்களுக்கும் முன்கூட்டியே நன்றி. உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்.

கிசோக் அண்ணா, அந்தத் தென்னையடியில நிக்காதீங்க. மேலே வாங்க. நான் இறங்குறன்.