எட்டாவது ஆள்

எனக்குக் கண் நல்ல கண். போளூர் ஸ்டேஷனுக்கு வெளியே நின்றபடியே உள்ளே கடிகாரத்தில் மணி என்ன என்று சொல்வேன். கலசப்பாக்கம் சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். மாட்டின் கண்ணில் பூ விழுந்திருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை அய்யா. பதக்கம் கொடுப்பதற்கு முன் விசாரிக்க வந்த நீங்கள் கேட்ட கேள்விக்கு இதில்தான் பாதிப் பதில் இருக்கிறது.

இரண்டு காகிதம் கொண்டுவந்திருக்கிறீர்கள். ஒன்று 1944 மார்ச் மாதத்து ரேஞ்சுப் பதிவு, சுடும் பரீட்சையின் கணக்கு. சிப்பாய் மரியஜோசப், அதாவது நான், பத்துக்கு இரண்டு, தேறவில்லை. இன்னொன்று அடுத்த ஜனவரியில் பர்மாவில் எழுதிய சிபாரிசு. அதே மரியஜோசப் அக்கரையில் இருந்த மெஷின்கன்னை மூன்றே தோட்டாவில் அடக்கினான், வீரப் பதக்கம் தர வேண்டும் என்கிறது. இரண்டில் எது பொய் என்று கேட்கிறீர்கள். இரண்டும் உண்மைதான். பதிவு எழுதியவரும் சிபாரிசு செய்தவரும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

மலைமேல் சாமைக் கொல்லையில் பன்றி இறங்கினால் அதைச் சுட வரச் சொல்லி என் அப்பா சந்தியாகப்பனுக்கு ஆள் வரும். அப்பாவுக்குப் பிறகு எனக்கு வந்தது. அப்படிப் போன இடத்தில் பழக்கமானவன்தான் சின்னராசு. புதூர்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம். நல்ல உழைப்பாளி, ஆனால் பார்வை மட்டம். அவன் துப்பாக்கியைத் தூக்கினாலே ஊர் சிரிக்கும். "சின்னராசு சுட்டா பன்னி நின்னு வேடிக்கை பார்த்துட்டுப் போவும்" என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டுச் சீக்கிரமாக எழுந்து போய்விடுவான்.

நான் பட்டாளத்தில் சேரக் கிளம்பியபோது அவனும் வந்தான். டாக்டர் ஒரு அட்டையைக் காட்டி எத்தனை புள்ளி என்று கேட்டார். பின்னால் நின்ற நான் அவன் முதுகில் விரலால் தட்டிச் சொன்னேன். மூன்று புள்ளிக்கு மூன்று தட்டு. சிநேகிதத்தில் செய்தது அது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்னைப் பற்றி எழுதுவதற்கு நல்லதாக அந்த ஒன்றுதான் இருக்கிறது.

ஜவ்வாது மலையடியிலேயே கூடாரம் போட்டு எங்களுக்குச் சுடும் பரீட்சை வைத்தார்கள். முந்நூறு கஜத்தில் ஒரு பலகை. பலகைக்கு முன்னால் தாழ்வாக ஒரு மண்கரை. ஆளுக்கு ஒரு பலகை, பத்துத் தோட்டா, ஒரு நிமிஷம். கடைசியில் பலகையை இறக்கி ஓட்டைகளை எண்ணுவார்கள். தேறினவனுக்கு இரண்டு துப்பாக்கியைக் குறுக்கே போட்டுத் தைத்த துணிப்பட்டை ஒன்று உண்டு. கேப்டன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிஸ்கட் டப்பாவில் இருந்து எடுத்துக் கொடுப்பார். இடது முன்கையில் தைத்துக்கொள்வது நம் பாடு. அதற்கு ஒரு வருஷம்தான் ஆயுள். அடுத்த வருஷம் மறுபடியும் சுட்டுக் காட்ட வேண்டும்.

சின்னராசு அந்தப் பட்டைக்கு உயிரை விட்டான். இதைச் சாதாரணமாகத்தான் சொல்கிறேன், எல்லோரும் சொல்வதுபோல. "அத்த ஒரு தபா தச்சிக்கினு ஊருக்குப் போயிட்டு வரணும்ணா. அப்பால எவன் சிரிக்கிறான்னு பாக்குறேன்" என்று தினமும் சொல்வான்.

பரீட்சையன்று காலையில் டீ வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் ஸ்டோர் குமாஸ்தா ஆதிநாராயணன். "ஜோசப்பு, இந்தத் தபா எட்டுப் பேரு வேணுமாம். பர்மாவுல எல்லாருக்கும் முன்னாடி போய்ப் படுத்துக்கினு சுடுறதுக்கு. பட்டை வாங்கினவங்களைத்தான் அனுப்பப் போறாங்க" என்றார். அதற்கு முந்தைய கம்பெனியில் அப்படிப் போன எட்டுப் பேரில் ஒருவர் திரும்பியதாகவும் சொன்னார். நான் டீயை வாங்கிக் குடித்தேன். எனக்குச் சாகப் பயம் அய்யா. அன்று வரைக்கும் அது எனக்கே தெரியாது.

என் முறை வருவதற்குள் ஏழு பேர் தேறிவிட்டார்கள். எட்டாவது ஆள் கிடைக்காவிட்டால் மறுநாள் எல்லோரையும் மறுபடி சுடச் சொல்வார்கள். நான் வேண்டுமென்றே மண்ணில் சுட்டால் ஹவில்தாருக்குத் தெரிந்துவிடும், என் கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். ஆகவே எட்டாவதாக ஒருவன் தேற வேண்டும், அது நானாக இருக்கக் கூடாது. எனக்கு வலது பக்கம் தசரதன் படுத்திருந்தான். இடது பக்கம் சின்னராசு.

விசில் ஊதியதும் சுட ஆரம்பித்தோம். சின்னராசுவின் தோட்டா எப்போதும் தாழ்ந்துதான் போகும், மண்கரையில் புழுதி கிளம்பும். புழுதி கிளம்பும்போதெல்லாம் நான் ஒரு தோட்டாவை அவன் பலகையின் நடுவில் போட்டேன். எட்டுத் தடவை கிளம்பியது, எட்டுப் போட்டேன். மீதி இரண்டை என் பலகையில் போட்டேன். ஹவில்தார் பார்த்துக்கொண்டிருந்தது என் பலகையைத்தான், அதன் முன்னால் புழுதி கிளம்பாததால் தோட்டா மேலே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார். அவன் பலகையில் பத்து ஓட்டை. கம்பெனியிலேயே அவன்தான் முதல்.

தசரதன் பலகையில் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். தசரதனுக்குக் கண் தெரியும். தன் தோட்டா எங்கே போனது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தானே சுட்டதாக நம்பக்கூடியவன் சின்னராசு ஒருவன்தான்.

நம்பினான். "இன்னாண்ணா இது, என்னாலயே நம்ப முடியல" என்று கையைப் பிடித்துக்கொண்டான். "கை பழகிடுச்சுடா" என்றேன். எனக்குப் பட்டை கிடைக்கவில்லையே என்று அவன் வருத்தப்பட்டது நிஜமான வருத்தம். சாயங்காலம் பட்டையைத் தைக்க உட்கார்ந்தான். ஊசியில் நூல் கோக்க அவனால் முடியவில்லை. நான் கோத்து, நானே தைத்தும் கொடுத்தேன். பிரிந்துவிடாமல் இருக்க நெருக்கமாகத் தைத்தேன். அவன் ஆசைப்பட்டதைத்தானே கொடுத்தோம் என்று அன்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்து நாள் லீவில் ஊருக்குப் போய் வந்தான். ஊரில் யாரும் சிரிக்கவில்லையாம்.

ஆற்றங்கரையில் நடந்தது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் படகில் கடக்க வேண்டும். அக்கரை மரத்தடியில் எதிரியின் மெஷின்கன் ஒன்று இருந்தது. முதலிடம் வாங்கியவன் என்பதால் அதை அடக்கும் பொறுப்பைச் சின்னராசுவிடம் கொடுத்தார்கள். நான் தேறாதவன். பின்னால் மேட்டில் கோவேறு கழுதைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனால் அடக்க முடியவில்லை. முதல் படகில் ஒன்பது பேரில் ஏழு பேர் செத்தார்கள். பிறகு கன் அவன் பக்கம் திரும்பியது. பட்டையின் தவணை முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு கன் கழுதைகள் பக்கம் திரும்பியது, அதாவது என் பக்கம். அப்போதுதான் சுட்டேன். மூன்று தோட்டா. அதைத்தான் வீரம் என்று எழுதியிருக்கிறார்கள்.

பத்துக்குப் பத்து வாங்கியவன் ஒன்றுகூட அடிக்கவில்லை என்றால் கம்பெனி என்ன நினைக்கும்? பயந்துவிட்டான், கண்ணை மூடிக்கொண்டு சுட்டான் என்றார்கள். பயந்தவன் அவன் இல்லை. அந்தப் பேச்சு மலை வரைக்கும் ஏறிப்போனது.

போன மாதம் அவன் மனைவி பாஞ்சாலையைப் பார்க்கப் போனேன். அந்தப் பட்டையைத் துணியில் சுற்றிச் சாமைப் பானைக்குள் வைத்திருக்கிறாள். எடுத்துக் காட்டினாள்.

"அவரு பயந்துட்டாருன்னு சொல்றாங்க. நெசமாண்ணா?"

"இல்லம்மா. வெயிலு கண்ணுல அடிச்சிச்சு."

அன்று மேகமூட்டம்.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்கண்ணா?"

"நான் தூரத்துல இருந்தேம்மா."

உண்மையைச் சொன்னால் அவள் புருஷன் கோழை இல்லை என்று ஆகிவிடும். ஆனால் அந்தப் பட்டை பொய் என்றும் ஆகிவிடும். அவளிடம் இருப்பது அது ஒன்றுதான், அதைப் பிடுங்கக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லி வந்தேன். அவள் பெயரைச் சொல்லி நான் ஒளிந்துகொண்டிருந்தேன் அய்யா. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் ரேஞ்சைப் பற்றிச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். ஆற்றங்கரையைச் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறேன். படகு கிளம்பியதில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையில் துப்பாக்கி இருந்தது. மரத்தடிக்குக் கீழே சேற்றில் அவன் தோட்டா விழுவது தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ரேஞ்சில் அவன் தவறவிட்ட ஒவ்வொன்றுக்கும் நான் ஒன்று சுட்டேன். அங்கே சுடவில்லை. சுட்டு அடித்துவிட்டால் எனக்குச் சுடத் தெரியும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், மறுநாள் முன்னால் போய்ப் படுக்க வேண்டியவன் நானாகிவிடுவேன். பதினொன்று வரை எண்ணினேன். அவன் ஒரு தடவை திரும்பி மேட்டைப் பார்த்தான். அந்தக் கண்ணுக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். பன்னிரண்டாவதை அவன் சுடவில்லை.

பதக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பட்டையை அவளிடம் விட்டுவைக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

தூரத்தில் இருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். கழுதைகள் நின்ற மேட்டில் இருந்து அந்த மரத்தடி முந்நூறு கஜம்.