படிப்புக்கு ஒரு முதுகு

கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்துவிட்டால் எங்கள் இல்லம் முழுக்க சோப்பு வாசனை அடிக்கும். மற்ற நாட்களில் என்ன அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் நீங்களே கைக்குட்டையை எடுத்தீர்கள்.

நீங்கள் விசாரிக்க வந்தவர், நான் பதில் சொல்ல வேண்டியவள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

இது ஒரு தர்ம சங்கத்துக்காரர்கள் நடத்தும் இடம். படுத்த படுக்கையாக முப்பது பேர். அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இருப்பது நானும் இன்னொரு பெண்ணும்தான். நான் செங்கல் சூளையில் வளர்ந்தவள். நடக்கத் தெரிந்ததுமே தலையில் கல் ஏற்றிவிட்டார்கள். ஒரு ஆளைத் தூக்கிப் புரட்டுவது எனக்கு ஒரு வேலையே இல்லை. ஆனால் முப்பது பேரை இரண்டு பேர் புரட்டிக்கொண்டே இருக்க முடியாது. அதற்குத்தான் பிள்ளைகள். நர்சிங் படிப்பவர்கள், சமூகப்பணி படிப்பவர்கள் என்று குழு குழுவாக வருவார்கள். குளிப்பாட்டுவார்கள், ஊட்டிவிடுவார்கள், ஈரத்துணி மாற்றுவார்கள். எல்லோருக்கும் நான் பெரியக்கா. அவர்களுக்கு வேலை சொல்லித்தருவது என் பொறுப்பு.

ஒரு சமயம் கல்லூரி டீச்சர் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க பெரியக்கா. எங்க பிள்ளைங்க இங்க டீ ஊத்திக் குடுத்துக்கிட்டு, தரையைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. படிக்கறதுக்குன்னு எதுவும் இல்லையே. இனிமே ஆஸ்பத்திரிக்கே அனுப்பிடலாம்னு பேசிக்கிறோம்."

நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவரை டிரைவருடைய கட்டிலுக்குக் கூட்டிப்போய், டிரைவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காட்டினேன்.

டிரைவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனது. முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். அது தானாக வந்தது, அதில் என் கை இல்லை. டீச்சர் குனிந்து பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"நல்ல கேஸ். இதை வச்சு ஒரு குழுவுக்கே சொல்லித்தரலாம்."

பிள்ளைகள் வருவது நிற்கவில்லை. டிரைவருக்கும் அவர்கள் வந்தால் குஷிதான். எல்லோரையும் 'கிளீனர்' என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்க கிளீனருங்களா, வண்டியைத் திருப்புங்க. பார்த்து, பின்னாடி பாடி டேமேஜ்."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மருந்து வைப்பார்கள்.

அவருக்கு ஒரே மகள். வாரம் தவறாமல் வருவாள். "புண்ணு மட்டும் ஆறட்டும் பெரியக்கா. புண்ணோட வச்சுப் பார்க்க எனக்குப் பக்குவம் பத்தாது. ஆறின அன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்பாள். வாசல் பக்கத்து அறையை ஒழித்து, கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். டிரைவர் அந்தக் கட்டிலைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது வந்த ஒரு குழுவில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். சொன்ன வேலையோடு நிறுத்திக்கொள்ள மாட்டாள். மற்றவர்கள் டீ குடிக்கப் போனாலும் இவள் டிரைவரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, உட்கார்ந்து கதை பேசுவாள். புண் சுருங்கத் தொடங்கியது.

"பெரியக்கா, ஓரமெல்லாம் புதுச்சதை வருது, வந்து பாருங்களேன்!"

"கண்ணு பட்டுடப் போகுது, மூடு" என்றேன்.

"மகளுக்குச் சொல்லி அனுப்பு கிளீனரு" என்றார் டிரைவர். "வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புதுன்னு."

அவள் குழு முடிந்து போகும்போது புண் ஏறக்குறைய மூடிவிட்டது. அடுத்த குழுவை அனுப்புமுன் டீச்சர் போன் செய்தார். "அந்தப் புண்ணு இருக்குல்ல?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை, அவருக்குப் பாடம் நடத்த வேண்டும். "இருக்கு" என்றேன்.

சொன்ன பிறகு அது இருக்க வேண்டியதாயிற்று.

டிரைவரை மல்லாக்கப் போட்டேன். முதுகுக்குக் கொடுத்திருந்த தலையணையை எடுத்துவிட்டேன். ஈரத்துணியை மாற்றுவதைத் தள்ளிப்போட்டேன். இந்த இல்லத்தில் யாருக்கும் நடப்பதுதான். புதுச்சதை பச்சைப்பிள்ளை மாதிரி, அதிகம் தாங்காது. ஆனால் அந்தக் கண்ணாடிக்காரப் பெண் நன்றாகத்தான் வேலை செய்திருந்தாள், அதற்கும் அந்தச் சதை அசையவில்லை. கடைசியில் முரட்டுத்துணியை எடுத்துத் துடைத்தேன். தோல் கையோடு வரும்வரை துடைத்தேன்.

"கொஞ்சம் பார்த்து, பெரியக்கா."

"சுத்தம் பண்ணாத்தானே ஆறும்?"

"நீங்க சொன்னா சரிதான்" என்று தலையணையைக் கடித்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

முதல் தடவை துணியைப் பாதியில் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். பிறகு அப்படி இல்லை. குழு வரும், புண் ஆறும், குழு போகும், நான் துடைப்பேன். ஒரு முதுகு ஆறாமல் இருந்ததால் இருபத்தொன்பது முதுகு புண்ணாகாமல் இருந்தது. இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

டிரைவர் நாளாக ஆகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கட்டிலைப் பற்றிச் சொல்வதில்லை. பிறகு காய்ச்சல் வந்தது, சீழ் எலும்புவரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வார்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தவள் அந்தக் கண்ணாடிக்காரப் பெண். அவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நான் மூடிட்டுத்தானே போனேன், பெரியக்கா" என்றாள். அவள் கொடுத்த புகாரில்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை தெரிந்தவள். நான் சொல்லித்தந்த பிள்ளைதானே.

நான்தான் செய்தேன். அவர் சாகவேண்டும் என்று செய்யவில்லை, அவர் இருந்தால்தானே எனக்கு ஆகும்.

அவர் போன அன்று மகள் வார்டு வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க மட்டும் இல்லேன்னா எங்கப்பா எப்பவோ போயிருப்பாரு" என்றாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை, அழுது முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டிரைவருடைய மகளிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள். பாவம், நன்றி சொல்ல அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.