முள் விழுந்த வளைவு

மாலை ஆறே முக்கால் மணி. ஹாலிஎலையிலிருந்து தெமோதரைக்குப் போகிற ஏற்றம். மழை விட்டு மூடுபனி இறங்கிய ரோட்டில் ஒரே ஒரு பழைய கார்... என்று தொடங்கினாள் நளீரா. கரண்ட் இல்லை. பதுளையில் அவள் கடையின் பின்னறை. மெழுகுவர்த்தியைச் சுற்றி நாங்கள் நாலு பேர்.

காரில் இருந்தவர் அவளுடைய அக்கா புருஷன் பஸீல். வயரிங் வேலை செய்கிறவர். கார் அவருடைய வாப்பா விட்டுப்போனது. ராத்திரி நிறுத்தினால் காலையில் பெற்றரி செத்துக் கிடக்கும்.

"புதுசா ஒன்னு வாங்கிப் போட வேண்டியதுதானே, கஞ்ச மனுசன்!" என்றாள் எங்களில் ஒருத்தியான பூவம்மா.

"போட்டாச்சுடீ. அதுவும் செத்திச்சு. மறுநாள் விடியக்காலை அவரோட உம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஹார்ட் ஒப்பரேஷன். கால மடக்க ஏலாது, ஆட்டோவில ஏற மாட்டாங்க. இந்தக் கார்தான் கதி."

டைனமோவைப் பார்த்தார். சரி. ரெகுலேட்டரைச் சுரண்டித் துடைத்தார். அதுவும் சரி. அந்த மாலை ஓட்டிப் பார்த்தபோது, தேயிலைச் சரிவுக்குக் கீழே ஒரு வளைவில், சார்ஜ் காட்டும் மீற்றரின் முள் பொசுக்கென்று விழுந்தது... மறுபடி எழுந்தது.

நிறுத்தினார். பின்கதவைத் திறந்தார். உள் லைட் எரிந்தது. முள் அதே அளவு விழுந்தது. மூடினார். எழுந்தது.

"கதவு சுவிட்ச்தான் கள்ளன்னு நெனச்சாரு. கதவத் திறந்தபடியே வெச்சு, பல்பக் கழட்டிப் பையில போட்டாரு. மூடிட்டுக் கிளம்பினாரு. காருக்குள்ள நனைஞ்ச கம்பளி வாடை..."

வீட்டு வாசல். பல்பு இன்னும் சட்டைப் பையில்தான். முள் விழுந்தது. எழுந்தது. வாடை போய்விட்டது.

உள்ளே, படுக்கையிலிருந்து உம்மா கேட்டார்.

"யாரு மகன், ஈரக் கம்பளியோட?"

"ஒருத்தரும் இல்ல உம்மா. மழை."

பூவம்மா மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

காலை நாலரைக்குக் கார் முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்தது. உம்மாவைப் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்து, வீங்கிய காலில் ரப்பர் செருப்பை பஸீலே மாட்டிவிட்டார். கதவைப் பூட்டினார். அந்த வளைவில் முள் விழுந்தது. மீற்றர் கண்ணாடியை நகத்தால் தட்டினார். டிக், டிக். எழுந்தது. கம்பளி வாடை லேசாக...

"திரும்பிப் பாக்கலையா?" என்றாள் பூவம்மா.

"மீற்றர் பிழை, வேற போடணும்னு யோசிச்சாராம்."

ஆஸ்பத்திரி வாசலில் பூட்டைத் திறந்தார். உம்மா அப்படியே சாய்ந்திருந்தார். கை குளிர்ந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

பிறகு, வீட்டுக்குத் திரும்பும் வழியில், வளைவில் காரை நிறுத்தி இறங்கினார். ரோட்டோரத்தில் ரெண்டு செருப்பும் ஜோடியாக, தேயிலை மேட்டைப் பார்த்தபடி.

"அழுதாரா?" என்று பூவம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இல்லடீ. எடுத்து முன்சீட்டில வெச்சாராம். என்கிட்ட ஒன்னே ஒன்னுதான் சொன்னாரு. 'மீற்றர்ல பிழை இல்ல, நளீரா.'"