ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க

“ஹலோ… ஹலோ… எஸ்டேட் ஆபீஸுங்களா? … ஆமா, ஆமா, கூடலூர்லருந்துதான். மாட்டாஸ்பத்திரி டாக்டர் நல்லசாமி பேசறனுங்க. … யாரு, கிளார்க் பொன்ராஜுங்களா? நல்லதாப் போச்சு. மழையில லைன் கரகரங்குது, சத்தமாப் பேசுங்க. … ஏனுங்க, அந்த இருளப்பன் மாடு எப்படி இருக்குதுங்க?”

கேட்டுக்கொண்டே நல்லசாமி வலக்கையைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். விரல் முட்டிகளில் நான்கு சிராய்ப்பு. முந்தின நாள், தேவாலா பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீடுகளில், பசுவின் வாய்க்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிய கை. பசு இருளப்பனுடையது. அவனும் மனைவி காத்தாயியும் சிலோனிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. தொண்டையில் பலாக்கொட்டை மாட்டிக்கொண்டது என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள். கொட்டை ஒன்றும் அகப்படவில்லை. மோட்டார் சைக்கிளில் பாதி வழி திரும்பி வந்த பிறகுதான், அந்த மாடு கத்திய விதம் அவருக்கு உறைத்தது. அடைத்த குரலில், விட்டுவிட்டு, யாரையோ கூப்பிடுவது மாதிரி.

“… செத்துருச்சா? எப்போ? … காலையில ஆறு மணிக்கா. … ம். … கட்டுத்தறிய முட்டி முட்டியா? … சரி. சரிங்க. இப்பச் சொல்றதக் கேளுங்க. யாரும் அதத் தொடக் கூடாது. தோல உரிக்கறேன்னு எவனாச்சும் வந்தா அடிச்சுத் தொரத்துங்க. ஆளுயரக் குழி, ஒரு மூட்டை சுண்ணாம்பு. … பாலா? காச்சிக் குடிச்சிருந்தா பயமில்லீங்க. பச்சையாக் குடிச்சவங்க இருந்தா பேரெழுதி வைங்க. … இருங்க, இருங்க, முக்கியமானத இன்னும் கேக்கலை. அந்த மாட்ட நாய் கடிச்சுதுங்களா?”

வெளித் திண்டில் எருமையோடு ஒரு படுகரும், மடியில் கோழியோடு ஒரு பெண்ணும் காத்திருந்தார்கள். நல்லசாமி அறைக்கதவைக் காலால் தள்ளிச் சாத்தினார்.

“… ஹலோ? லைன் இருக்குது, உங்க மூச்சு கேக்குது. ஏன் கொரல எறக்கறீங்க? … பக்கத்துல ஆளா? … மேனேஜரா? … சரி. நானே கேக்கறேன், நீங்க ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. உர மூட்டை பத்திப் பேசற மாதிரி மூஞ்சிய வெச்சுக்குங்க. நாய் கடிச்சுதா? … ஆமா. … லைன் நாயா? … இல்லை. … ரோட்டு நாயா? … அதும் இல்லை.”

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

“பங்களா நாயா? … ஆமாவா.”

மேனேஜருடைய அல்சேஷன் அது. வருடம் தவறாமல் ஜூன் மாதம் அதற்கு வெறிநோய் ஊசி போடுபவர் நல்லசாமிதான். இந்த ஜூனிலும் போயிருந்தார். நாயை ஊட்டியில் நண்பருக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் மேனேஜர். காபி வந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டார்.

“நாய் ஊட்டியில இல்லையே? … இல்லை. சுட்டுட்டாங்களா? … எப்போ, மே மாசமா? … மாட்டக் கடிச்ச அன்னிக்கேவா? … ஆமா. அப்ப இருளப்பன் எங்கிட்ட ஏனுங்க சொல்லலை? ரெண்டு வாட்டி கேட்டனே! … சிலோன்லருந்து கொண்டாந்த பாஸ்போர்ட்டு, பேப்பரெல்லாம் ஆபீஸ்லதான் இருக்குதா? … ஆமா. வாயத் தொறந்தா லைன் ஊட்டக் காலி பண்ணச் சொல்லீருவோம்னாங்களா? … ம். … சரி, இன்னும் ஒண்ணே ஒண்ணு. மனுசங்க யாரையாச்சும் கடிச்சுதா? … பொன்ராஜ்? … ஆமாவா. இருளப்பனையா? … இல்லை. … காத்தாயியவா?”

நேற்று கை கழுவ வெந்நீர் ஊற்றியவள் காத்தாயிதான். இடது மணிக்கட்டில் அரைவட்டமாக ஒரு தழும்பு இருந்தது. என்னம்மா இது என்று கேட்டார். “செடி வெட்டற கவ்வாத்துக் கத்தி வெட்டிருச்சுங்க தொரை” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. கத்தி வெட்டினால் அரைவட்டமாகவா வெட்டும்? அப்போது அவருக்கு அது தோன்றவில்லை.

“… ஊசி போட்டாங்களா? … ஒண்ணு கூடவா? தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி போடோணுங்க அதுக்கு! ரெண்டு மாசமா… ஃபோன மேனேஜர்கிட்டக் குடுங்க. … பரவாயில்லை, குடுங்க. உங்க பேர எடுக்க மாட்டேன், குடுங்க!”

ஃபோனில் நாற்காலி நகரும் ஓசை. நல்லசாமி தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

“வணக்கங்க சார், நல்லசாமி. … ஆமாங்க, மாடு விசயந்தான். … இல்லீங்க, பலாக்கொட்டை இல்லை. வெறிநோய். … யாரும் எங்கிட்டக் கோள் மூட்டலீங்க. மாட்டுத் தலைய எடுத்துக் குன்னூர் வெறிநோய் லேபுக்கு அனுப்புனா எழுத்துலயே வந்துரும். … மாத்தறதுன்னா மாத்துங்க சார், எந்த ஊருன்னாலும் போறேன். ஆனா நானும் அது வாயில கைய விட்டிருக்கறேன். இன்னிக்கு எனக்கும் ஊசி. எந்த நாய்லருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பொய் எழுத மாட்டேனுங்க. … ஜீப்ப அனுப்புங்க, அது போதும். காத்தாயி, இருளப்பன் ரெண்டு பேரையும் ஏத்தி விடுங்க. … நல்லாத்தான வேலைக்கு வர்றா? அந்த மாடுங்கூட முந்தா நாள் வரைக்கும் நல்லாத்தானுங்க மேஞ்சுது.”

பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு முகம் நினைவுக்கு வந்தது. குரல் தானாகத் தணிந்தது.

“… சார், கோவிச்சுக்காதீங்க. உங்க பாப்பா மே மாச லீவுக்கு ஊட்டி ஸ்கூல்லருந்து வந்திருந்துச்சுங்களே. எந்நேரமும் அந்த நாய் கூடத்தான கெடக்கும். … கீறலா? … நகமா, பல்லா? … தெரியலீங்களா. … நாயச் சுடறதுக்கு எத்தன நாள் முந்தி? … நாலு நாளா. … சார்? … சார், கேக்கறீங்களா? பதறாதீங்க. இதுவரைக்கும் ஒடம்புல ஒண்ணும் தெரியலைன்னா இன்னும் நேரம் இருக்குதுன்னு அர்த்தம், இன்னிக்கே ஆரம்பிச்சா… ஹலோ? ஹலோ?”

அந்தப் பக்கம் ரிசீவர் மேசையில் விழுந்தது. எங்கோ ஒரு கதவு அறைந்தது. அப்புறம் தூரத்தில் எஞ்சின் உறுமியது.

“… பொன்ராஜுங்களா? எங்க போனாரு? … ஜீப்பு லைன் பக்கந்தான திரும்புச்சு? … இல்லையா. … ஊட்டிக்கா. ம்… அப்பன்தான, போகட்டும். ஆனா கூடலூரத் தாண்டித்தானுங்க ஊட்டி போகோணும்! அவளையும் ஏத்திட்டு வந்து இங்க எறக்கி உட்டுட்டுப் போயிருக்கலாமே. … சரி, இப்பக் காத்தாயி எந்தக் காட்டுல கொழுந்து எடுக்கறா? ஆளனுப்பி… எங்க? … அங்கயேவா? ஆபீஸ் வாசல்லயா? … காலையிலருந்தா! அப்ப அவளத் தாண்டித்தான் ஜீப்புல ஏறினாரா? … எதுக்குங்க நிக்கறா? … லீவு கேக்கறதுக்கா. மாடு செத்ததுக்கா? … இல்லையா, பின்ன? … ஒடம்புக்கா. என்ன பண்ணுதாம்? … கேளுங்க, இப்பவே போய்க் கேளுங்க. நான் லைன்லயே இருக்கறேன்.”

தகரக் கூரையில் மழை இரைந்தது. நல்லசாமி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்த நோய் முதலில் பழைய கடிவாய்க்குத்தான் திரும்பி வரும் என்று படித்திருந்தார். ஆறிப்போன தழும்பில் அரிப்பு, மரப்பு. அது வந்துவிட்டால் பதினாலு ஊசி போட்டும் பயனில்லை. வயிற்றுவலி என்று சொல்லட்டும், குளிர்காய்ச்சல் என்று சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

“… ஆமா, சொல்லுங்க. … கையா. … எந்தக் கை? … இடதா. … அரிக்குதா, மதமதங்குதா? … ரெண்டுமா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“… இருக்கறனுங்க, இருக்கறேன். … அவகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க. … மேனேஜர் நாற்காலிதான் இருக்குதுன்னா அதுலயே உக்கார வைங்க! ஒரு கம்பளி குடுங்க. இருளப்பனுக்கு ஆளனுப்புங்க. நானே ஒரு வாடகைக் காரப் புடிச்சுட்டு வர்றேன், முக்கா மணி நேரத்துல அங்க இருப்பேன். … என்னங்க? … அவளா? என்ன கேக்கறா? … … லீவு குடுத்தாச்சான்னா?”

நல்லசாமி கண்ணை மூடிக்கொண்டார்.

“குடுத்தாச்சுன்னு சொல்லுங்க, பொன்ராஜ். … ஆமா. எத்தன நாள் வேணுமோ எடுத்துக்கச் சொல்லுங்க.”

ரிசீவரை வைத்தார்.