குழாயில் கட்டிய எர்த் கம்பி

எனது பெயர் சனாவுல்லா. வயது 31. தகப்பனார் பெயர் நூருல்லா. திருப்பூர் காங்கேயம் சாலையில் நல்லம்மாள் என்பவரின் லைன் வீட்டில் குடியிருக்கிறேன். பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். இறந்துபோன அஜீஸுன்னிசா என் மனைவி. திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நாலு வயதில் அமீருன்னிசா என்ற மகள் இருக்கிறாள். வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தினேனா என்று கோட்டாட்சியர் அவர்கள் கேட்டதற்கு, இல்லை என்று சொன்னேன்.

லைனில் ஆறு வீடுகள், ஒரே குழாய். எதிரே வீட்டுக்காரம்மா நல்லம்மாளின் குடோனில் வெளுத்த பனியன் துணி அடுக்கியிருக்கும். சென்ற ஆண்டு ஒரு லோடு துணியில் கரி படிந்திருக்கிறது என்று ஏற்றுமதிக் கம்பெனி திருப்பி அனுப்பியது. அதன் பிறகு வீட்டுக்காரம்மா எங்களைக் கூப்பிட்டு, "உங்களை ஒண்ணும் சொல்லலீங்க, புகையைத்தான் வேண்டாங்கிறேனுங்க" என்றார். அதன் பிறகு ஆறு வீட்டிலும் விறகடுப்பு போய்க் கரண்ட் அடுப்பு வந்தது.

வீடுகளில் பல்புக்கும் ஃபேனுக்கும் போட்ட மெல்லிய ஒயர்தான் இருந்தது. அதிலேயே அடுப்பையும் மாட்டினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உலை வைத்தால் ஃபியூஸ் போனது. அதன் பிறகு ஒயர்மேன் மருதாசலம் என்பவர் ஃபியூஸில் தடித்த கம்பியைக் கட்டினார். அதன் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. அடுப்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று பெண்கள் சொன்னதற்கு, ஒவ்வொரு அடுப்பிலிருந்தும் எர்த் கம்பி இழுத்துப் பொதுக் குழாயில் கட்டினார். இரும்புக் குழாய் பூமிக்குள் போகிறது, கரண்டும் அதோடு போய்விடும் என்றார். சமைக்கும்போது ரப்பர் செருப்புப் போட வேண்டும் என்றும் சொன்னார். எல்லோரும் போட்டார்கள்.

தை மாதம் குழாயில் துருத் தண்ணீர் வந்ததால், வீட்டுக்காரம்மா மண்ணுக்குள் இருந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் போட்டார். பிளாஸ்டிக்கில் கரண்ட் போகாது. மேலே நின்ற இரும்புக் குழாயும் அதில் கட்டிய ஆறு கம்பிகளும் அப்படியே இருந்தன. குழாய் போட்டவருக்குக் கம்பி தன் வேலையில்லை. கம்பி கட்டியவரை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் நன்றாக வந்தது.

26.02.1994 அன்று மதியத் தொழுகைக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி நோன்பு வைத்திருந்தாள். விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அடுப்பைப் போடவில்லை. மகள் சோறு கேட்டு அழுதாள். பக்கத்து வீட்டுச் சீனியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்தவர். அவர், "மயினி, வெறும் வயித்தோட நீங்க சோத்து வாசம் பிடிக்கணுமா? பிள்ளைக்கு நான் ஆக்குதேன்" என்று சொல்லி, தன் அடுப்பில் பருப்புச் சோறு வைத்தார். என் மனைவி, "உப்பு கம்மியா இருந்தா எம் மக உங்களத்தான் திட்டுவா" என்று சிரித்தாள். அதன் பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குழாயடியில் செருப்புப் போட வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்போது சோறு பொங்கி அடுப்புக்குள் வழிந்து, கரண்ட் எர்த் கம்பி வழியாகக் குழாய்க்கு வந்தது. சீனியம்மாள் செருப்புப் போட்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மனைவி குழாயைத் திறந்த கையை எடுக்கவில்லை. நான் ஓடிப்போய் மெயினை அணைத்த பிறகுதான் கை விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்றார்கள்.

அன்று மாலை சீனியம்மாள் அந்தச் சோற்றைத்தான் என் மகளுக்கு ஊட்டினார். உப்பு கம்மியாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். சீனியம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு வீட்டுக்காரம்மா வந்து என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், "பாய், ஈரக்கையோட அடுப்பைத் தொட்டுட்டாங்கன்னு சொல்லிட்டா உங்களுக்கும் அலைச்சல் இல்லீங்க" என்றார். மறுநாள் காலை குழாயில் ஒரு கம்பியும் இல்லை.

பிரேத விசாரணைப் பஞ்சாயத்தார் அறிக்கையில், "சமையல் செய்யும்போது தன் கவனக்குறைவால்" என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது சரியல்ல. என் மகள் படிக்கக் கற்றுக்கொண்டால் அதைத்தான் படிப்பாள். என் மனைவி அன்று பகலில் சமைக்கவில்லை. தண்ணீர் பிடிக்கும்போது இறந்தாள். சீனியம்மாள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவர் அடுப்பு என் மகளுக்காகத்தான் எரிந்தது.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே, உண்மையாகவே இருக்கிறது. "தண்ணீர் பிடிக்கும்போது" என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நூ. சனாவுல்லா