ப்ரோல்காவுக்கு எதிர்காலம் உண்டு

உங்கள் ஸ்டேஷன் டீயைப் பற்றி ஊரில் மட்டமாகத்தான் பேசுகிறார்கள், சார்ஜென்ட். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பால் ஒரு சொட்டு அதிகம், அவ்வளவுதான்.

நெவில் பாஸ்கோ, வயது எழுபத்தொன்று, நம் காரம்பின் ஊர்க் கவுன்சிலில் முப்பது வருடம் மின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதையெல்லாம் எழுதிக்கொண்டீர்கள். யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் எண்பத்தேழாம் வருடம்.

அந்த வருடம் அடிலெய்டில் ஒரு சின்னக் கம்பெனி ப்ரோல்கா என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. நம் சாம்பல் கொக்கின் பெயர். கொக்கு ஜோடியைப் பார்த்தால் நடனம் ஆடும். கம்ப்யூட்டர் ஆடாது, நிறம் மட்டும்தான் ஒற்றுமை. நான்கே வருடத்தில் கம்பெனி கதவைச் சாத்திக்கொண்டது. அன்றைக்குத் தொடங்கியது ஒரே கேள்வி: இனிமேல் இதற்கு எதிர்காலம் உண்டா? கடைக்காரன் கேட்டான், தபால்காரர் கேட்டார், என் மனைவி டாட் கேட்டாள். பிறகு அவள் எதிர்காலம் உள்ள ஓர் ஆளோடு கோல்ட் கோஸ்ட் போய்விட்டாள். அவர் வீடுகளுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுப்பவர். நல்ல மனிதர் என்று கேள்வி.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். வருடத்துக்கு ஒருமுறை "ப்ரோல்காவுக்கு எதிர்காலம் உண்டு" என்று தீர்மானம் போட்டு ஓட்டெடுப்போம். நாற்பத்துமூன்று பேர் இருந்த காலத்தில் எதிர்ப்பு ஓட்டு ஏழெட்டு விழும். எதிர்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள்; ஆதரித்தவர்களில் பாதிப்பேர் கல்லறைக்குப் போனார்கள். கடைசியில் நானும் ரெக் டூஹனும் மிஞ்சினோம். நான் தலைவர், அவன் செயலாளர். பத்து வருடமாகத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய நாடுகளின் பார்லிமென்ட்டில்கூட இப்படி ஓர் ஒற்றுமையைப் பார்க்க முடியாது.

ரெக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். இடுப்பு எலும்பை மாற்றிவைத்த பிறகு தடி இல்லாமல் நாலடி எடுத்து வைக்கமாட்டான். விவாகரத்து ஆனபின் ஆற்றோரக் கேரவன் பார்க்கில், அந்தச் சக்கர வீடுகள் நிற்கிற இடத்தில், குடியிருந்தான். கூட்டத்துக்கு மீட் பை, அதுதான் கறி அடைத்த பேஸ்ட்ரி, இரண்டு வாங்கி வருவான், ஒன்று எனக்கு. எதிர்காலத்தில் அவனுக்குத் துளி நம்பிக்கை கிடையாது. "டேய் நெவ், அது செத்து முப்பது வருஷமாச்சுடா. நாம ரெண்டு பேரும் மாசாமாசம் பொணத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டிருக்கோம்" என்பான். சொல்லிவிட்டுக் கையைத் தூக்கி ஆதரவாக ஓட்டுப் போடுவான். எனக்காக.

ஆனால் ப்ரோல்கா சாகவில்லை என்பதற்கு என் கையில் ஆதாரம் இருந்தது. தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறதே, வெள்ளச் சைரன் இருக்கும் இடம், அதில் எண்பத்தொன்பதில் ஒரு ப்ரோல்காவை வைத்தேன். ப்ரோகிராம் நான் எழுதியது. மலையடிவாரப் பாலத்தில் நிற்கும் நீரளவுமானி பழைய டெலிபோன் லைன் வழியாகச் செய்தி அனுப்பும். ப்ரோல்கா அதைப் படித்து, ஆறு ஆபத்து மட்டத்தைத் தாண்டினால் சைரனை அலறவிடும், நேரத்தோடு தாளில் அச்சடித்தும் வைக்கும். அங்கே தண்ணீர் ஏறினால் ஊருக்கு வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். முப்பத்திரண்டு வருடத்தில் பதினோரு தடவை அலறியது. பதினோரு தடவையும் சரி. உலகத்திலேயே இன்னும் வேலைக்குப் போகிற ப்ரோல்கா அது ஒன்றுதான். ஜெர்மனியில் இருபது பேர், பின்லாந்தில் ஒருவர், அதன் படத்தைப் பார்த்துக் கண்கலங்கியதாக எனக்கு எழுதியிருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவனைப் பழம்பொருள் என்று யாரும் சொல்லமாட்டார்கள் அல்லவா?

போன ஜூலையில் டெஸ் குவின்லன் வந்து சேர்ந்தாள், கவுன்சிலின் புது எஞ்சினியர். முப்பது வயது இருக்கலாம். மரியாதையான பெண், அதுதான் கஷ்டம். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தாள். பாலத்து நீரளவைக் காற்றுவழி வாங்கக் கொட்டகைக் கூரையில் ஆன்டெனா நட்டாள். இனிமேல் சைரனும் இதுவே, ஊரிலுள்ள எல்லா போனுக்கும் செய்தி அனுப்புவதும் இதுவே என்றாள். ப்ரோல்காவிலிருந்து சைரன் வயரைப் பிடுங்கி, பழைய பிளக்கை வெட்டிப் புதிய பிளக் போட்டுப் பெட்டியில் செருகினாள்.

"நெவில், இது நல்லா உழைச்சிருச்சு. பத்திரமா மியூசியத்துல வச்சிரலாம், சரியா?" என்றாள்.

"என்னையும் சேர்த்தாம்மா?" என்று கேட்டேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள்.

ஆனாலும் மழைக்காலம் முடியும்வரை ப்ரோல்கா ஒரு மூலையில் ஆற்றைப் படித்துக்கொண்டிருக்கட்டும் என்று அனுமதித்தாள். சைரன் அதன் கையில் இல்லை. ஓய்வு பெற்றவனை ஆபீஸ் வாசலில் உட்கார அனுமதிப்பதுபோல. கொட்டகைச் சாவியை என்னிடமே விட்டாள். சுவரில் ஒரு சிவப்புப் பொத்தானும் பதித்தாள். இரண்டு கருவியும் கைவிட்டால் யார் வேண்டுமானாலும் அதை அழுத்தலாம், சைரன் கத்தும். முன்யோசனை உள்ள பெண்.

பிப்ரவரியில் ஆன்டெனா வயரை மூன்று தடவை லேசாகத் தளர்த்தினேன். தளர்த்தினேன் என்றுதான் சொல்கிறேன், அறுக்கவில்லை. பெட்டி ஊமையாகிவிடும். டெஸ் ஏணி போட்டு ஏறி, தலையைச் சொறிந்து, முறுக்கிவிட்டு இறங்குவாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு, புதிய கருவியை முழுதாக நம்ப முடியவில்லை என்று கவுன்சிலுக்குக் கைப்பட எழுதினாள். நான் இதை நாசவேலை என்று நினைக்கவில்லை. பரீட்சை வைத்தேன். அது தோற்றது.

ரெக்கிடம் மட்டும் சொன்னேன். அவன் தின்றுகொண்டிருந்த மீட் பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். "வெயில் காலத்துல என்ன வேணா விளையாடு. மழைக்காலத்துல அதுல கைய வைக்காதடா. நான் ஆத்தோரம் படுக்கிறவன்."

"ப்ரோல்கா இருக்கும்போது உனக்கென்ன பயம்?" என்றேன்.

"எனக்கு ப்ரோல்காவப் பத்திப் பயம் இல்ல" என்றான். வேறெதைப் பற்றி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் அந்தச் சனிக்கிழமை நான்காவது தடவை தளர்த்தினேன். மலையில் கனமழை வரும் என்று வானொலி சொன்னது. சொன்னதால்தான் தளர்த்தினேன். மழையே இல்லாத நாளில் பரீட்சை வைத்து என்ன பிரயோஜனம்?

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். ஊரில் நல்ல வெயில். சரியாக இரண்டு பத்துக்கு ப்ரோல்காவின் திரையில் பச்சை எழுத்து வந்தது. ஆறு ஆபத்து மட்டத்தைத் தாண்டிவிட்டது, ஏறுகிறது. பிரிண்டர் அடித்தது. பக்கத்தில் வெள்ளைப் பெட்டி கப்சிப். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, சார்ஜென்ட். பெற்ற பிள்ளை மேடையில் பரிசு வாங்கும்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. பொத்தான் என்னிடமிருந்து மூன்றடி தூரத்தில் இருந்தது. பார்த்தேன். அழுத்தியிருந்தால் சைரன் கத்தியிருக்கும், எல்லோரும் மேட்டுக்கு ஓடியிருப்பார்கள். பிறகு பத்திரிகையில் என்ன வரும்? 'ஊரைக் காப்பாற்றிய முதியவர்.' என் விரலுக்கு மாலை, ப்ரோல்காவுக்கு மியூசியம். இத்தனை வருடம் நான் அதற்காகவா காத்திருந்தேன்? சைரனை ப்ரோல்காதான் அலறவைக்க வேண்டும். முக்கால் மணி நேரம் இருந்தது. ஒரு பிளக் மாற்ற அது தாராளம்.

பிளக் வீட்டில் இருந்தது. டெஸ் வெட்டிப்போட்டதை எடுத்துப்போய் அலமாரியில் வைத்திருந்தேன். காரை எடுத்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் கேரவன் பார்க். ரெக் தன் கேரவனின் துணிப்பந்தல் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான். என் காரைப் பார்த்துத் தடியைத் தூக்கி ஆட்டினான். நானும் கையை ஆட்டினேன்.

நிறுத்தவில்லை. நிறுத்திச் சொன்னால் அவன் சும்மா இருக்கமாட்டான். கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் கிளப்பிவிடுவான். ஆளே இல்லாத பார்க்கைப் பார்த்து ப்ரோல்கா அலறினால் அதற்கு என்ன மரியாதை? திரும்பி வரும்போது அவன் என்னைக் கவனிக்கவில்லை. யாருக்கோ விக்கெட் விழுந்திருக்க வேண்டும், ரேடியோவைக் காதோடு வைத்திருந்தான்.

கொட்டகையில் சைரன் வயரை வெட்டி, முனை சீவி, பழைய பிளக்கைப் பொருத்தினேன். என் கைக்கு இப்போது முந்தைய வேகம் இல்லை. ஒரு திருகாணி தரையில் உருண்டு போய்விட்டது, குனிந்து தேடினேன். இரண்டு ஐம்பத்தொன்பதுக்குச் செருகினேன். செருகிய மறுநொடி சைரன் கத்தியது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அதைக் கவனியுங்கள்.

தண்ணீர் அதற்கு ஐந்து நிமிடம் முன்பே பார்க்குக்குள் வந்துவிட்டது. நாற்பது பேர் தப்பினார்கள். டெஸ் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒரு தாயையும் கைக்குழந்தையையும் இழுத்து வந்தாள். ரெக் தப்பவில்லை, நடக்க அவனுக்கு நேரம் பிடிக்கும் என்று சொன்னேனே. விக்டோரியாவிலிருந்து வந்து ஓர் இரவு தங்கிய கணவன் மனைவியும் தப்பவில்லை. அவர்கள் பெயரை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

அன்று சாயங்காலம் ஆற்றோரம் கூடிய கூட்டம் கலைந்து யாரும் கொட்டகைக்கு வருவதற்குள் ஆன்டெனாவை முறுக்கிவிட்டேன். இரண்டு பத்து என்று அச்சடித்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டேன். விசாரித்தவர்களிடம், மூன்று மணிக்குச் சற்றுமுன் கொட்டகைக்கு வந்ததாகவும், அப்போதுதான் திரையில் எச்சரிக்கை வந்ததாகவும், பதற்றத்தில் வயரை மாற்றியதாகவும் சொன்னேன். பொத்தானை ஏன் அழுத்தவில்லை என்று கேட்டார்கள். மறந்துவிட்டேன் என்றேன். எழுபத்தொரு வயது ஆளின் மறதியை யாரும் சந்தேகப்படுவதில்லை, தோளில் தட்டிக்கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நல்ல நாட்கள் என்றே சொல்ல வேண்டும். புதியது ஊமையானது, பழையது பேசியது என்று பத்திரிகை எழுதியது. ப்ரோல்காவை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கவுன்சில் தீர்மானம் போட்டது. பின்லாந்துக்காரர் அதற்குப் புதிய சர்க்யூட் போர்டு தயாரித்துத் தருவதாக எழுதினார். ரெக்கின் அடக்கத்துக்கு டெஸ் வந்திருந்தாள். வேலையை விட்டுவிட்டாளாம், தூங்கி இரண்டு வாரமாயிற்றாம். "என் பெட்டிதான் அவங்களக் கொன்னுருச்சு, நெவில்" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசத் தளரவிடாதம்மா. புது மெஷின்னா அப்படித்தான், நம்ப முடியாது" என்று ஆறுதல் சொன்னேன். நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை.

அவளுக்காகத்தான் இன்று வந்தேன் என்று எழுதிக்கொண்டால் எனக்கு நல்ல பெயர்தான். ஆனால் வாக்குமூலம் என்றால் உண்மை இருக்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை மரண விசாரணை அறிக்கை வந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள். பதினான்காவது பத்தியில், புதிய கருவி எச்சரிக்கவே இல்லை, பழைய கருவியோ ஆறு பொங்கி முக்கால் மணி நேரம் கழித்து, மூன்று மணிவாக்கில்தான் விழித்துக்கொண்டது, எனவே இரண்டையும் அகற்றிவிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் அதை மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார்கள். பின்லாந்துக்காரரிடமிருந்து பதிலே இல்லை.

மூன்று ராத்திரி யோசித்தேன். ரெக் போனபோதுகூட நான் அப்படி விழித்திருந்ததில்லை. எந்தத் தப்பும் செய்யாத ஒன்றின்மேல் இப்படி ஒரு பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு மனசாட்சி உள்ளவன் எப்படிச் சும்மா இருப்பான்?

இதோ அந்தத் தாள். மடிப்பில் கிழியப்போகிறது, மெதுவாகப் பிரியுங்கள். மணி இரண்டு பத்து. நிமிடம் பிசகவில்லை, பாருங்கள். அங்கிருந்து சைரன்வரை நாற்பத்தொன்பது நிமிடம். அந்த நாற்பத்தொன்பதும் என்னுடையது. ஆன்டெனாவைத் தளர்த்தியது நான், பொத்தானை அழுத்தாதது நான், ரெக்குக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனது நான். மூன்று பேரையும் கொன்றது நான்தான் என்று எந்த வார்த்தையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதன் தலையில் மட்டும் எதையும் கட்டாதீர்கள். அது ஒரு பாவமும் அறியாதது.